வட்டத்தில் விழும் நான்கு தழும்புகள்

மரவேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய இரும்புக் கடையில் ஒரு மில்லிங் மெஷின் கிடக்கிறது. எடைக்குப் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். அதை சிஎன்சி ரௌட்டராக மாற்ற முடியுமா? வாசக்கதவில் பிள்ளையார் செதுக்க வேண்டும்."

மில்லிங் மெஷின் என்பது, சுற்றும் கட்டருக்கு அடியில் மேசையை நகர்த்தி இரும்பை வெட்டுவது; சிஎன்சி ரௌட்டர் என்பது, கணினி சொல்லும் பாதையில் கட்டர் ஓடி மரத்தைச் செதுக்குவது. மாற்ற முடியும். ஆனால் கதவு அதில் ஏறாது. பட்டறைகளில் வழக்கமாகப் பார்க்கும் மில்லிங் மெஷினின் மேசை நீளவாக்கில் இரண்டரை அடியும், குறுக்கே ஒரு அடியும் நகர்ந்தால் அதிகம். முழுக் கதவு செதுக்க வேண்டுமென்றால் பழைய பிளேனரின் (பெரிய இரும்புத் துண்டுகளைச் சீவிச் சமமாக்கும் மெஷினின்) நீளமான படுகையைத் தேடிப் பிடிக்க வேண்டும். கதவில் பதிக்கும் சிறு பலகை, பெயர்ப்பலகை, பித்தளை அச்சு போன்றவற்றுக்கு மில்லிங் மெஷினே போதும்.

பழைய இரும்பை ஏன் தேடிப் போகிறோம் என்பதற்குக் காரணம் எளிது. வெட்டும்போது கட்டர் அதிரும். அலுமினியச் சட்டத்தில் செய்த இலகுவான ரௌட்டரும் சேர்ந்து அதிரும், வெட்டிய பரப்பில் அலை அலையாகக் கோடு விழும். வார்ப்பிரும்புக்குள் கார்பன் மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் பரவியிருப்பதால் அதிர்வு அங்கேயே அடங்கிவிடும். ஒரு டன் எடையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

இது புதிய யோசனையும் இல்லை. 1952-இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில், எண்களைக் கொண்டு ஓட்டும் மில்லிங் மெஷினை முதன்முதலாக இயக்கிக் காட்டினார்கள். அதை அவர்கள் புதிதாக வார்க்கவில்லை. சின்சினாட்டி கம்பெனியின் ஹைட்ரோடெல் என்ற மெஷினை எடுத்து மாற்றியமைத்து, துளையிட்ட நாடாவைப் படிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை அதனுடன் இணைத்தார்கள். ஆக, சிஎன்சியின் கதையே ஒரு மாற்றியமைத்த மெஷினில்தான் தொடங்குகிறது.

சரி, மோட்டாரை எடுத்து மாட்டிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது.

பழைய மெஷினில் கைப்பிடியைச் சுற்றினால் ஒரு திருகுக் கம்பி சுற்றும். அதன் மரையில் மாட்டியிருக்கும் நட், மேசையை இழுத்துப் போகும். மரைக்கும் நட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் சுற்றவே முடியாது. பல வருடத் தேய்மானத்தில் அந்த இடைவெளி பெருகும். பட்டறையில் இதை 'பிளே' என்பார்கள். 0.3 மில்லிமீட்டர் பிளே இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகில், ஒரு சுற்றை 200 ஸ்டெப்பாக, அதாவது 200 சிறு அடிகளாக, எடுத்து வைக்கும் மோட்டாரை மாட்டியிருக்கிறோம். திசை திரும்பும் ஒவ்வொரு முறையும் மோட்டார் 12 ஸ்டெப் வீணாகச் சுற்றும். மேசை அசையாது.

0.3 மில்லிமீட்டர் ஒரு பெரிய விஷயமா? 100 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டிப் பாருங்கள். கட்டர் வட்டத்தின் கிழக்கு முனையை எட்டும்போது எக்ஸ் அச்சு, அதாவது கிழக்கு மேற்காகப் போகும் நகர்வு, திசை திரும்ப வேண்டும். மோட்டார் திரும்பிவிடும், மேசை திரும்பாது. வடக்கு தெற்காகப் போகும் ஒய் அச்சோ நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். அதனால் கட்டர் வளையாமல் நேர்கோட்டில் போகிறது. கணக்குப் போட்டால் அந்த நேர்கோடு ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர் நீளம் வரும்! முனைக்குப் பக்கத்தில் வட்டம் கிட்டத்தட்ட நேராகத்தான் போகிறது; எக்ஸ் 0.3 நகர்வதற்குள் ஒய் அவ்வளவு தூரம் போய்விடுகிறது. இதே போல வடக்கு, மேற்கு, தெற்கு என நான்கு முனைகளிலும் தழும்பு விழும். நண்பரின் பட்டறையில் முதல்முறை ஒரு மரவட்டத்தின் விளிம்பில் விரலை ஓட்டி, அந்த நான்கு இடங்களையும் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்தேன். மெஷினுக்குள் ஒளிந்திருக்கும் இடைவெளி இப்படி வெளியே வந்து தன்னைத் தானே வரைந்து காட்டுவது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

மென்பொருளில் "திரும்பும்போது 12 ஸ்டெப் கூடுதலாகப் போ" என்று சொல்லி வைக்கலாம். ஓரளவு உதவும். ஆனால் இடைவெளி அங்கேயேதான் இருக்கிறது. கட்டர் சுற்றும் திசையும் மேசை நகரும் திசையும் ஒன்றாக இருந்தால், கட்டரே மேசையைப் பிடித்து இழுத்து அந்த இடைவெளிக்குள் தள்ளிவிடும். ஒரே பல் மொத்தமாகக் கடித்து, கட்டர் பட்டென்று உடையும். கண் திருஷ்டி என்று மெஷினில் எலுமிச்சம்பழம் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பழம் கட்டட்டும், அது அவரவர் விருப்பம். ஆனால் காரணம் திருகில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் விட்டால் அடுத்த கட்டரும் உடையும், பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கும் ஆபத்து.

இதற்குத் தீர்வு பால்ஸ்க்ரூ. திருகுக்கும் நட்டுக்கும் நடுவே சைக்கிள் பால்ரஸ் போன்ற எஃகுக் குண்டுகள் வரிசையாக ஓடும். நட்டின் ஒரு முனைக்கு வந்த குண்டு, ஒரு சிறு குழாய் வழியாக மறுபடி தொடக்கத்துக்கே திரும்பிவிடும். பல லாரிகளின் ஸ்டியரிங் பெட்டிக்குள் இருப்பதும் இதே ஏற்பாடுதான். உரசலுக்குப் பதில் உருளல் என்பதால், கொடுக்கும் ஆற்றலில் சுமார் 90 சதவீதம் வேலைக்குப் போகிறது. சாதாரண மரையில் அதில் பாதிகூடத் தேறாது. உரசல் குறைந்துவிட்டதால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. பள்ளத்தைவிட ஒரு துளி பெரிய குண்டுகளைப் போட்டு, நட்டை இறுக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். பிளே என்பதே இருக்காது, ஆனாலும் வழுக்கிக்கொண்டு சுற்றும். சாதாரண மரையை இந்த அளவு இறுக்கினால் சிக்கிக்கொண்டு நின்றுவிடும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பழைய மரை தானாகப் பூட்டிக்கொள்ளும், பால்ஸ்க்ரூ அப்படியில்லை. மின்சாரம் போனால் மேலும் கீழும் நகரும் பகுதி தன் எடையிலேயே கீழே இறங்கிவிடும். அதற்கு பிரேக்கோ எதிர் எடையோ கட்டாயம் வேண்டும்.

மற்றவை சீக்கிரம் முடிகிற வேலைகள். மரத்துக்கு வேகம் வேண்டும், கட்டரைச் சுற்றும் பழைய தலை நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றுக்கு மேல் போகாது. அதனால் நிமிடத்துக்கு 24,000 சுற்று ஓடும் ஸ்பிண்டிலை (கட்டரைப் பிடித்துச் சுற்றும் மோட்டாரை) தனியாக மாட்டுவார்கள். கட்டுப்பாட்டுக்கு லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இதன் வேர், அமெரிக்க அரசின் நிஸ்ட் ஆய்வகம் 1990-களில் உருவாக்கி, உரிமை கோராமல் பொதுவில் விட்ட நிரல். மக்கள் வரிப்பணத்தில் எழுதியது கோடிக் கணக்கில் முதல் போட முடியாத ஒரு தச்சர் வரை வந்து சேர்கிறது. நம் அரசு ஆய்வகங்களில் எழுதப்படும் நிரல்களும் இப்படியே வெளிவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குத் தேவையான பணத்தை ஒதுக்கத் தயங்கவே கூடாது.

அப்புறம், பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. திருகில் பிளே எவ்வளவு இருந்தாலும் பயப்பட வேண்டாம், அதைத்தான் கழற்றப் போகிறீர்கள். மேசை வழுக்கி ஓடும் தடத்தைப் பாருங்கள். அதிகம் தேய்வது நடுப்பகுதிதான். மேசையை நடுவில் நிறுத்தி, ஆட்டம் போகும் வரை, மேசைக்கும் தடத்துக்கும் நடுவே இருக்கும் பக்கவாட்டு ஆப்பை இறுக்குங்கள். பிறகு இரண்டு ஓரங்களுக்கும் ஓட்டுங்கள். ஓரத்தில் போய் இறுகினால் தடம் தேய்ந்துவிட்டது. அதைக் கையால் சுரண்டிச் சமப்படுத்தத் தெரிந்தவர் அருகில் இல்லையென்றால், என்ன விலைக்குத் தந்தாலும் விட்டுவிடுங்கள். ஒரே சீராக ஓடினால் லாரிக்குச் சொல்லிவிடலாம்.