கொடை மேடையில் கணினி: மில்லிநொடிகளின் கணக்கு

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு சுடலைமாடன் கோயில் கொடை விழா. வில்லுப்பாட்டு முடிந்து இன்னிசைக் குழு மேடையேறியது. குச்சியால் தட்டும் மின்னணுத் தாளக் கருவியான ரிதம் பேட் வாசிப்பவரின் முழங்கைக்கு அருகில் ஒரு மடிக்கணினி. முதல் பாட்டின் பாதியிலேயே, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒலிபெருக்கி படபடத்தது. கூட்டம் மைக் செட்காரரைத் திரும்பிப் பார்த்தது. தவறு அவர் பக்கம் இல்லை. பாட்டு முடிந்ததும் வாசிப்பவர் திரையில் 128 என்றிருந்த எண்ணை 256 ஆக்கினார். அதன்பின் விடியும்வரை ஒரு வெடிப்பும் கேட்கவில்லை. அந்த எண் எதைக் குறிக்கிறது என்பது தெரிந்துவிட்டால், மேடைக் கணினியின் பாதி சூட்சுமம் பிடிபட்டுவிடும்.

பேடின் ரப்பர் தோலுக்கு அடியில் அழுத்தம் பட்டால் மின்னழுத்தம் தரும் மெல்லிய வில்லை ஒன்று இருக்கிறது. குச்சி விழும் வேகத்தை அது மின்துடிப்பாக்குகிறது. அந்தத் துடிப்பின் உயரம் 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகி, 'இந்தப் பேடு, இவ்வளவு பலம்' என்ற மிகச் சிறிய செய்தியாகக் கணினிக்குப் போகிறது. 1983-இல் புழக்கத்துக்கு வந்த 'மிடி' என்னும் பொதுமொழி இது. ஓர் அடிக்கு மூன்று பைட் போதும். பழைய மிடி கம்பியில்கூட ஏறக்குறைய ஒரு மில்லிநொடியில், அதாவது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அது போய்ச் சேர்ந்துவிடும். கம்பியில் ஒலி ஓடுவதே இல்லை, செய்திதான் ஓடுகிறது. அந்தப் பலத்துக்குரிய தவில் அடியையோ, மகுடம் என்னும் தோற்கருவியின் அடியையோ தன் சேமிப்பிலிருந்து எடுத்து ஒலிப்பது கணினி.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. கணினிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. நொடிக்கு 48,000 எண்கள் இடைவிடாமல் ஒலிபெருக்கியை நோக்கிப் போக வேண்டும். ஆனால் கணினி ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. திரையை வரைகிறது, வட்டைப் படிக்கிறது, வைஃபையைத் தேடுகிறது. அதனால் எண்கள் விட்டுவிட்டுத்தான் வருகின்றன.

கன்னடியன் கால்வாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். கால்வாயில் தண்ணீர் ஏறியும் இறங்கியும் வரும். வயலுக்கு அது சீராகப் பாய வேண்டும். நடுவில் ஒரு குளம் தேக்கிவைத்து மடை வழியாகத் திறந்துவிடுகிறது. கணினியில் அந்தக் குளத்துக்குப் பெயர் பஃபர். குளம் சிறிதாக இருந்தால், கால்வாய் சற்று நின்றாலும் மடை வற்றிப்போகும். அப்படி எண் வற்றிய கணம்தான் அன்று கடுகு வெடித்ததுபோல் நமக்குக் கேட்டது. பெரிதாக வெட்டிக்கொண்டால் வற்றாது. ஆனால் குளம் நிறைந்த பிறகே மடை திறக்கும் என்பதால் தண்ணீர் தாமதமாக வயலைச் சேரும்.

திரையில் அவர் மாற்றிய எண் இந்தக் குளத்தின் அளவுதான். பஃபரில் 128 எண்கள் தேங்கும் என்றால் தாமதம் 2.7 மில்லிநொடி. 256 என்றால் 5.3. 1024 என்றால் 21. இந்த எண்களைக் காது எப்படி உணரும்? காற்றில் ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகிறது. ஆகவே 256 என்பது மேளம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருப்பதற்குச் சமம். அது கைக்கு உறுத்தாது. 1024 என்பது கையில் அடித்த மேளம் ஏழு மீட்டர் தள்ளி ஒலிப்பதற்குச் சமம். தாளக்காரருக்கு இது வேதனை. தன் அடியையே துரத்திக்கொண்டு வாசிக்க வேண்டியிருக்கும். வில்லுப்பாட்டுக்காரர்கள் வில்லையும் குடத்தையும் உடுக்கையையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து நெருங்கி உட்காருவதற்கும் இந்தக் கணக்கு பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றும்.

கணினி இசையின் தொடக்கத்தில் இப்படிக் கவலைப்படவே இடமில்லை. 1957-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய நிரலைக் கொண்டு ஒரு கணினி 17 நொடி இசையை உருவாக்கியது. அதைக் கணக்கிட, ஒலிக்கும் நேரத்தைவிடப் பன்மடங்கு நேரம் பிடித்தது. அடித்தவுடன் ஒலிக்க வேண்டும் என்ற மேடையின் நிபந்தனைக்குக் கணினி வேகம் பெறப் பல பத்தாண்டுகள் ஆயின.

சூடும் இதில் சேரும். சித்திரைக் கொடைகளில் தகரப் பந்தலுக்கு அடியில் மடிக்கணினி கொதிக்கும். தன்னைக் காத்துக்கொள்ள அதன் பிராசசர் வேகத்தைக் குறைக்கும். கால்வாயில் நீர்வரத்து குறைந்து, நேற்றுவரை போதுமாயிருந்த குளம் இன்று வற்றும். மடிக்கணினிக்கு அடியில் காற்றுப் போக இரண்டு மரக்கட்டைகளை வைப்பது எளிய, பயனுள்ள வழி. சார்ஜரை மாட்டியதும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் எழுந்தால் அது வேறு நோய். கணினிக்கும் மைக் செட்டுக்கும் இடையே மின்தரை இணைப்பு (எர்த்) இரண்டு வழியாக ஓடி ஒரு வளையமாகியிருக்கிறது. அந்த வளையத்தைத் துண்டிக்கும், மின்மாற்றி வைத்த பிரிப்புப்பெட்டியை இரண்டுக்கும் நடுவில் போட்டால் அடங்கிவிடும்.

கொடைகளில் நடக்கும் கணியான் கூத்தின் மகுடத்தை இதோடு ஒப்பிடாமல் என்னால் இருக்க முடியவில்லை. உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடங்களையும் தீயில் காய்ச்சித்தான் சுருதிக்குக் கொண்டுவருகிறார்கள். இரவின் குளிரில் தோல் தளர்ந்தால் மறுபடி காய்ச்ச வேண்டும். பேடில் இருக்கும் மகுட ஒலி தளராது. ஆனால் ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். உண்மையான கையின் இரண்டு அடிகள் ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் நல்ல ஒலித்தொகுப்புகளில் ஒவ்வொரு பலத்துக்கும் பல பதிவுகளை வைத்து, மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். அப்படியும், அடித்த கையை எடுக்காமல் தோலை அழுத்தி ஒலியை வளைக்கும் நுட்பத்தைச் சாதாரணப் பேடு பிடிப்பதில்லை. என் காதுக்கு அந்த இழப்பு பெரிது.

மேடையில் கணினிக்கு இன்னொரு வேலையும் உண்டு. வயலின் குழுவையும் கோரஸையும் கூட்டிவர முடியாத குழுக்கள் அவற்றை முன்பே பதிந்துவைத்து ஓடவிடுகின்றன. பதிவின் ஒரு தடத்தில் இசை இருக்கும், மறுதடத்தில் 'டிக் டிக்' என்று தாள ஒலி. தாள ஒலி தாளக்காரரின் காதுக்கு மட்டும் போகும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் 500 மில்லிநொடிக்கு ஒருமுறை, பிசகாமல். பாடகர் ஒரு வரியை இன்னொரு முறை பாட ஆசைப்பட்டாலும் கணினி காத்திருக்காது.

சேரன்மகாதேவிக் கொடையில் நள்ளிரவு தாண்டி இது நடந்தது. பதிவிசையோடு ஒரு சாமி பாட்டு போய்க்கொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒருவருக்கு அருள் வந்தது. சாமியாட்டத்துக்கு ஏற்ப மேளம் முடுகிக்கொண்டே போக வேண்டும். 500 மில்லிநொடி அங்கே நிற்காது, 400 ஆகும், 300 ஆகும், அதுவும் ஆடுபவரின் கால் சொல்லும்போது. வாசிப்பவர் காதிலிருந்த கருவியைக் கழற்றினார். ஒரு விசையைத் தட்டிப் பதிவை நிறுத்தினார். பேடை மட்டும் நிறுத்தவில்லை. ஒவ்வோர் அடியும் தனித்தனிச் செய்தியாகப் போவதால், கை எவ்வளவு முடுகினாலும் கணினி அதன் பின்னாலேயே ஓடிவந்தது, 5.3 மில்லிநொடி இடைவெளியில். அவர் கண் ஆடுபவரின் காலைவிட்டு விலகவே இல்லை.