மழைக்காட்டுக்குள் விதைப்பந்து வேண்டாம்

ஆண்டுதோறும் ஜூன் மாதம் நெருங்கும்போது எனக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தினர், குழந்தையின் பிறந்தநாளை நல்ல காரியத்தோடு கொண்டாட நினைக்கும் பெற்றோர் எனப் பலரும் ஆயிரக்கணக்கில் விதைப்பந்துகளை, அதாவது விதையை உள்ளே வைத்த மண் உருண்டைகளை, உருட்டி வைத்திருப்பதாகச் சொல்லி, பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் அவற்றை எங்கே எறிந்தால் பலன் கிடைக்கும் என்று கேட்பார்கள். ஆனைமலையில் சிதைந்துபோன மழைக்காட்டுத் துண்டுகளை மீட்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், எங்கேயும் எறிய வேண்டாம் என்பதையே அவர்களுக்கு நான் பதிலாகச் சொல்கிறேன். அந்த நல்ல மனத்தை ஒரே சொல்லில் திருப்பி அனுப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆகவே காரணத்தை விரிவாக எழுதுகிறேன்.

முதல் காரணம் விதையின் இயல்பிலேயே இருக்கிறது. நெல்லையும் கேழ்வரகையும் வெயிலில் காயவைத்துக் குதிரில் சேமித்து அடுத்த பருவத்தில் விதைத்துப் பழகியவர்கள் நாம். காய்ந்தால்தான் விதை கெடாது என்பது நம் கைக்குத் தெரிந்த பாடம். மழைக்காட்டின் பெருமரங்களில் பலவற்றுக்கு இது நேர்மாறானது. ஆண்டின் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கும் மண்ணில் விழுவதற்கென்றே உருவான விதைகள் அவை. உள்ளிருக்கும் ஈரம் வற்றினால் முளைக்கும் திறனும் போய்விடும். வீட்டில் பலாக்கொட்டையை நன்றாகக் காயவைத்துவிட்டு நட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வெடிப்பலா, காட்டு ஜாதிக்காய், காட்டு நாவல் வகைகள் எல்லாம் இத்தகைய விதை கொண்ட மரங்களே.

இதை நான் நாற்றங்காலில்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாலையில் உதிர்ந்து கிடந்த காட்டு ஜாதிக்காய்களைக் கூடை நிறையப் பொறுக்கி வந்தேன். விதையைச் சுற்றிப் பின்னியிருந்த பத்திரி என்னும் செந்நிற உறையை உரித்து எடுத்ததும், பளபளவென்று பழுப்பு நிறத்தில் விதைகள் வெளிப்பட்டன. பூசணம் பிடிக்கக் கூடாது என்று எண்ணி அவற்றைச் சாக்கில் பரப்பி வெயிலில் வைத்தேன். தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து நாற்றங்காலில் வேலை செய்துவந்த அக்கா ஒருவர், "காய விடாதீங்க சார், இது நெல்லு இல்ல. இன்னைக்கே மண்ணுல வெச்சிடுங்க" என்றார். நான் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து எடுத்தபோது விதைகளைக் குலுக்கினால் உள்ளே பருப்பு சுருங்கி ஆடும் ஓசை கேட்டது. அவற்றில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அந்த அக்கா அன்றே எடுத்து நிழலில் ஊன்றிய ஒரு கைப்பிடி விதைகளிலிருந்து வந்த கன்றுகளையே அந்த ஆண்டு நாங்கள் நட்டோம்.

விதைப்பந்து என்பது களிமண்ணும் எருவும் சேர்த்து உருட்டி நிழலில் உலர்த்தப்படுவது. உலர்த்தினால் இறந்துவிடும் விதையை அதற்குள் வைக்க வழியில்லை. எனவே பந்துக்குள் வைக்கப்படுபவை பெரும்பாலும் காய்ந்தாலும் தாங்கும் சமவெளி மரங்களின் விதைகளே: புங்கன், வேம்பு, கொன்றை, சில சமயம் மயிற்கொன்றை, சுபாபுல். தத்தம் இடத்தில் நிழலும் பயனும் தரும் மரங்கள் இவற்றில் உண்டு. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை பெறும் வால்பாறையின் காட்டுத்தரையில், உச்சி வெயில்கூடச் சிறு புள்ளிகளாகவே விழும் இருட்டில், அவற்றுக்கு வேலை இல்லை. பெரும்பாலானவை மடியும். சாலையோர வெளிச்சத்தில் ஏதேனும் ஒன்று பிழைத்துக்கொண்டால் பிரச்சினை இன்னும் பெரிதாகும்.

எப்படிப் பெரிதாகும் என்பதற்கு ஆனைமலையிலேயே சான்று இருக்கிறது. 1890களில் தொடங்கி இந்தப் பீடபூமியின் காடு காப்பிக்காகவும் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டது. இன்று சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வால்பாறைப் பீடபூமியில், தேயிலைப் பசுமைக்கு நடுவே தீவுகளைப் போல மழைக்காட்டுத் துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. காப்பிச் செடிக்கு நிழல் தர ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மீசாப்சிஸ் என்னும் மரம், பழத்தை விரும்பித் தின்னும் இருவாச்சிப் பறவைகளாலும் மரநாய்களாலும் இந்தத் துண்டுகளுக்குள் பரவிவிட்டது. ரொபஸ்டா காப்பியும் அப்படியே உள்ளே நுழைந்து, காட்டு மரக்கன்றுகள் எழ வேண்டிய இடத்தை நெருக்கமாக அடைத்து நிற்கிறது. வேலியழகுக்காக வந்த உண்ணிச்செடியைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இவற்றைக் கொண்டுவந்த எவரும் காட்டை அழிக்கும் எண்ணத்தோடு கொண்டுவரவில்லை.

மழைக்காட்டில் நடவு செய்யும் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. செய்பவர்கள் நாம் அல்லர் என்பது மட்டுமே வேறுபாடு. பெரிய இருவாச்சியின் கூட்டு மரத்தடிக்கு ஒருமுறை சென்று பார்த்தவர்கள் இதை மறக்க மாட்டார்கள். பெண் பறவை பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தால் வாயிலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைக்கும். ஆண் பறவை மாதக்கணக்கில் பழங்களை விழுங்கி வந்து, ஒவ்வொன்றாகத் தொண்டையிலிருந்து வெளியே எடுத்து அந்தப் பிளவின் வழியே ஊட்டும். கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய், அத்தி என்று உள்ளே போன பழங்களின் விதைகள் பொந்திலிருந்து கீழே விழுந்து, மரத்தடியில் ஒரு சிறு நாற்றங்காலே உருவாகியிருக்கும். கூடு இல்லாத காலத்தில் இதே பறவைகள், வேறெந்தப் பறவையாலும் விழுங்க முடியாத பெரிய விதைகளையும் சேதப்படுத்தாமல் தொலைவுக்குக் கொண்டுபோய் உமிழ்கின்றன. இரவில் இந்த வேலையைப் பழுப்பு மரநாய் ஏற்றுக்கொள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத விலங்கு அது. காலையில் விழுந்த மரத்தின் மேலோ பாறையின் மேலோ அது இட்டுச் சென்ற எச்சத்தைக் குச்சியால் கிளறினால், கழுவி வைத்ததைப் போல முழு விதைகள் கிடைக்கும்.

வெடிப்பலாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிளைகளில் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு பூக்கும் அதன் சதைப்பற்றுள்ள பூக்களும், முள் போர்த்திய காய்களும் சிங்கவால் குரங்குகளின் முக்கியமான உணவு. இந்தக் குரங்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. மரத்துக்கு மரம் கிளை வழியே செல்வதே அதன் வாழ்க்கை முறை. வெடிப்பலா போன்ற மரங்கள் இல்லாமல் துண்டு மெலிந்துபோகும்போதும், நடுவே சாலை அகலமாகும்போதும், அது தரைக்கு இறங்குகிறது. அப்போது வாகனத்திலிருந்து யாரோ நீட்டும் சிப்ஸ் பொட்டலம் அதற்குச் சாலையோரத்தில் காத்திருக்கும் பழக்கத்தைக் கொடுத்துவிடுகிறது. வால்பாறையில் சாலையின் இருபுறத்து மரங்களையும் இணைத்துக் கட்டப்பட்டுள்ள தொங்குபாலங்களை அவை பயன்படுத்துகின்றன. ஆனால் உணவு சாலையில் கிடைக்கும்வரை பாலத்துக்கு மேலே போக அவற்றுக்குத் தேவையிருக்காது. தயவுசெய்து எதையும் கொடுக்காதீர்கள்.

அப்படியென்றால் மனிதர்கள் மரமே நடக் கூடாதா என்று கேட்கலாம். இடத்தைப் பொறுத்தது. பெருங்காட்டை ஒட்டியிருக்கும் துண்டுக்குப் பறவைகளும் விலங்குகளும் விதை கொண்டுவந்துவிடும். வெட்டும் தீயும் மேய்ச்சலும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். தொலைவில் தனித்துவிட்ட துண்டுகளுக்கு உதவி தேவைப்படுகிறது. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு மீட்டெடுத்த இடங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வும், நட்டுப் பராமரித்த இடங்கள் அப்படியே விடப்பட்ட இடங்களைவிட நன்றாகத் தேறியிருப்பதையும், தனித்த துண்டுகளில் அந்தப் பலன் கூடுதலாக இருப்பதையும் காட்டியது. புல்வெளிகளின் கதை வேறு. ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளில் வரையாடு மேயும் புல்வெளியை வெற்றிடம் என்று நினைத்து மரம் நடுவது, இருக்கும் ஒரு வாழிடத்தை அழிப்பதாகும்.

துண்டுக் காடுகளில் நாங்கள் செய்யும் வேலை புகைப்படத்துக்கு ஏற்றதாக இருக்காது. உதிர்ந்தாலும் முளைக்க வழியில்லாத தார்ச்சாலையிலிருந்து, உரிய அனுமதியோடு விதை பொறுக்குகிறோம். அருகிலுள்ள நல்ல காட்டில் எந்த மரம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து, பல இனங்களைக் கலந்து நாற்று வளர்க்கிறோம். ஓராண்டுக்கு மேல் பையில் இருந்தும் சில கன்றுகள் ஒரு முழம்கூடத் தாண்டியிருக்காது. நிழலில் மெதுவாக வளர்வதே அவற்றின் இயல்பு. மழை தொடங்கியதும் உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கிவிட்டு, தானாக முளைத்திருக்கும் கன்றுகளை மிதிக்காமல் விலகி நின்று நடுகிறோம். தானாக வந்த வட்டத்தாமரை மரத்தை வெட்டுவதில்லை. விரைவில் வளர்ந்து அது தரும் நிழலில்தான் மற்றவை எழும்.

நட்ட நாளில் வருவதற்கு ஆட்களுக்குக் குறைவில்லை. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும், அட்டைகள் நிறைந்த ஜூலை மழையில், மீண்டும் தழைத்துவிட்ட உண்ணிச்செடியைக் கன்றுகளைச் சுற்றிப் பிடுங்குவதற்கே ஆள் வேண்டும். இனி விதைப்பந்துக்காக அழைக்கும் குழுக்களிடம் நான் அந்தத் தேதிகளைத்தான் கேட்கப்போகிறேன்.