பட்டையை எடுத்துவிட்டால் அச்சை யார் பிடிப்பது?

மழை விட்ட மறுநாள். பூம்பாறையில் தார்ச் சாலையை விட்டு இறங்கிப் பூண்டு வயல்களுக்குப் போகும் மண் தடத்தில் ஒரு பழைய ஜீப் சிக்கிக்கொண்டு நின்றது. இடது முன்சக்கரம் பள்ளத்தின்மேல் அந்தரத்தில் சுழன்றது. எதிர்மூலையில் வலது பின்சக்கரமும் சேற்றை லேசாகத் தொட்டபடி வழுக்கியது. மற்ற இரண்டும் கெட்டித் தரையில் இருந்தும் வண்டி ஓரடி நகரவில்லை. எஞ்சினின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுப்புக்கு டிஃபரென்ஷியல் என்று பெயர். சாதாரண டிஃபரென்ஷியல் இருபுறச் சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒன்று எதிர்ப்பே இல்லாமல் சுழன்றால், மற்றதற்கும் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. எஞ்சின் எவ்வளவு வலுவாக இருந்தாலும், டயர் தரையை விட்டுவிட்டால் மலைத்தடத்தில் பயனில்லை.

டயர் தரையோடு ஒட்டியே நிற்க வேண்டும் என்பதால்தான், எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய முன்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் காயில் ஓவர் பொருத்தப் பலர் ஆசைப்படுகிறார்கள். ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங் அமர்ந்திருக்கும் தொகுப்புக்குக் காயில் ஓவர் என்று பெயர். சுருள் எடையைத் தாங்குகிறது; உள்ளே எண்ணெயில் நகரும் பிஸ்டன் ஆட்டத்தை வெப்பமாக்கி அடக்குகிறது. 2020இல் வந்த மஹிந்திரா ‘தார்’ வண்டியில் இந்த அமைப்பு தொழிற்சாலையிலேயே வந்துவிட்டது. பழைய ஜீப்பில் நாமாகக் கொண்டுவருவது வேறு வேலை. வத்தலக்குண்டுப் பட்டறை ஒன்றில் இதைப் பற்றி நான் விசாரித்தபோது மூத்த மெக்கானிக் திருப்பிக் கேட்டார்: “பட்டையை எடுத்துவிட்டால் அச்சை யார் தம்பி பிடித்துக்கொள்வது?”

மிகச் சரியான கேள்வி. பட்டைக் கட்டின் ஒரு முனை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கிறது; மறுமுனை ஷேக்கிள் என்னும் ஆடும் கொக்கியில் தொங்குகிறது; நடுவில் அச்சை யூ போல்ட்டுகள் இறுக்கியிருக்கின்றன. எடையைச் சுமப்பதோடு, அச்சு முன்னும் பின்னும் ஓடாமலும், பக்கவாட்டில் விலகாமலும், பிரேக் பிடிக்கும்போது உருண்டுவிடாமலும் காப்பது அதே எஃகுப் பட்டைகள்தாம். ஒன்றோடொன்று உரசி ஆட்டத்தையும் கொஞ்சம் அடக்குகின்றன. ஆனால் அந்த உரசலே சக்கரம் மேடுபள்ளத்தோடு ஒட்டி இறங்கி ஏறுவதற்குத் தடையாகவும் நிற்கிறது.

சுருளுக்கு அமுங்கவும் விரியவும் மட்டுமே தெரியும். பக்கவாட்டில் தள்ளினால் வளைந்து கொடுத்துவிடும். ஆகவே அச்சை முன்பின்னாகப் பிடிக்கக் கீழே ‘கைகள்’ எனப்படும் இணைப்புத் தண்டுகள் இரண்டு, அது உருளாமல் தடுக்க மேலே ஒன்றோ இரண்டோ, பக்கவாட்டு அசைவுக்குச் சேஸிஸிலிருந்து அச்சுக்குக் குறுக்கே ஓடும் பான்ஹார்டு ராடு என்று புதிதாக ஒரு குடும்பமே தேவைப்படுகிறது. இந்த ராடைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். அச்சு ஏறி இறங்கும்போது அதன் முனை ஒரு வில்லாக நகரும். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியும் தன் பங்குக்கு ஒரு வில்லை வரையும். இரண்டும் இணையாகவும் ஏறக்குறைய ஒரே நீளத்திலும் இல்லையென்றால், ஒவ்வொரு குழியிலும் சக்கரம் தானாகத் திரும்பும். ஒரு பக்கம் அதலபாதாளமாக இருக்கும் கொடைக்கானல் மலைச்சாலையில் அதை நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது.

அடுத்தது, எடை போகும் வழி. பட்டை இருந்தவரை வண்டியின் எடை அதன் இரு முனைகள் வழியாகப் பிரிந்து இறங்கியது. ஷாக் அப்சார்பரின் பிராக்கெட் ஆட்டத்தின் விசையை மட்டுமே தாங்கியது. இப்போது அந்த மூலையின் எடை முழுவதும் காயில் ஓவரின் தலையிலுள்ள ஒரே போல்ட்டில் இறங்குகிறது. பழைய பிராக்கெட்டிலேயே மாட்டிய ஒரு வண்டியைப் பார்த்திருக்கிறேன். வெல்டிங்கின் ஓரம் காகிதம்போலக் கிழிந்திருந்தது. கனமான குழாயில் தனிக் கோபுரம் எழுப்பி, இருபக்கக் கோபுரங்களையும் குறுக்கே இணைத்தாக வேண்டும்.

சுருளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். சுருள் அமுங்கும்போது அதன் கம்பி ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கப்படுகிறது. அதனால் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்து உயர்கிறது. மற்ற அளவுகள் மாறாமல் 12 மில்லிமீட்டர் கம்பி 13 ஆனால், விறைப்பு சுமார் 38 சதவீதம் கூடிவிடும். சுருளின் முனையிலுள்ள திருகு வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல, வண்டியின் உயரம்தான் கூடும். காயில் ஓவரை 30 டிகிரி சாய்த்து மாட்டினாலோ, சக்கரம் உணரும் விறைப்பு நான்கில் மூன்று பங்காகக் குறைந்துவிடும்.

தினமும் பூண்டு மூட்டை ஏற்றும் வண்டியின் பின்பக்கப் பட்டையில் கைவைக்க நான் சொல்லமாட்டேன். பாரத்தில் பெரும்பகுதி பின்னால்தான் விழுகிறது, அதற்குப் பட்டை போதும். முன்பக்கத்தை மாற்றுவதானாலும் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

வத்தலக்குண்டு மெக்கானிக் எனக்குக் காட்டிய சோதனை இது. கைகளையெல்லாம் பொருத்திய பிறகு, சுருளை மாட்டாமலே அச்சுக்கடியில் ஜாக்கி வைத்து, முழு உயரத்துக்கு ஏற்றி, பிறகு அங்குலம் அங்குலமாக இறக்கினார். ஏறும்போது அச்சு எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் முட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். கடைசி இரண்டு அங்குலத்தில் நிறுத்தி என்னை அழைத்தார். இடதுபக்கப் பிரேக் ஹோஸ் வீணைத் தந்திபோல விறைத்து நின்றது. சக்கரம் இன்னும் சற்றுத் தொங்கியிருந்தால் அறுந்திருக்கும். நீளமான ஹோஸ் வாங்கி வர அன்று மாலையே திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன்.