சாம்பல் நிறமே இல்லாத முகம்

சதை போட்ட கன்னம், மடிந்து தொங்கும் தாடை, தோளில் மென்மயிர் வைத்த கனத்த அங்கி. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்துப் பெரிய மனிதர் வில்லிபால்ட் பிர்க்ஹைமரை, ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1524-ல் அச்சுக்கான செப்புத் தகட்டில் இப்படித்தான் செதுக்கினார். இருவரும் நெருங்கிய நண்பர்கள். அதற்காக டியூரர் ஒரு மடிப்பைக்கூட மறைக்கவில்லை.

கன்னத்து நிழல் மெல்ல மெல்லக் கரைவதைப் பாருங்கள். ஆனால் தாளில் சாம்பல் நிறம் என்று எதுவுமே கிடையாது. கறுப்பு மையும் வெள்ளைத் தாளும்தான்.

வித்தை உளியில் இருக்கிறது. பியூரின் என்ற அந்த எஃகு உளியின் மரப்பிடி உள்ளங்கையில் அடங்கும். அதைப் பேனா மாதிரி இழுப்பதில்லை. முன்னால் தள்ள வேண்டும். செம்பு சுருள் சுருளாகக் கிளம்பி வரும். நுனி சாய்சதுர வடிவம் என்பதால், அழுத்த அழுத்தப் பள்ளம் ஆழமாவதோடு அகலமும் ஆகும். முடி போலத் தொடங்கும் கோடு நடுவில் பருத்து மறுபடி மெலியும். பருத்த இடம் நிழலாகவும் மெலிந்த இடம் வெளிச்சமாகவும் கண்ணுக்குத் தெரியும். வளைவு வேண்டுமா? கை வளையாது. தோல் மெத்தைமேல் இருக்கும் தகட்டைத்தான் மறுகை திருப்பும். ஓரத்தில் எழும் பிசிரைச் சுரண்டிவிட வேண்டும். இதெல்லாம் தட்டார் பட்டறை வேலை. டியூரரின் அப்பா பொற்கொல்லர், மகனும் முதலில் அங்கேதான் தொழில் பழகினார்.

அப்புறம் தகடு முழுக்க மை பூசி, மேற்பரப்பைத் துடைத்துவிடுவார்கள். பள்ளத்து மை மட்டும் தங்கும். ஈரத்தாளை வைத்து, மேலே கம்பளி போட்டு, உருளைகளுக்கு நடுவே நசுக்கினால், இளகிய தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். அதனால் கோடு லேசாகப் புடைத்து நிற்கும். புது 500 ரூபாய் நோட்டில் காந்தி படத்தை விரலால் தடவினால் தட்டுப்படுகிறதே, அதுவும் இதே பள்ள அச்சுமுறைதான்.

தகட்டில் எல்லாம் கண்ணாடி பிம்பம். படத்துக்குக் கீழே, ‘அறிவால்தான் வாழ்வு, மற்றதெல்லாம் சாவுக்கு’ என்ற பொருளில் ஒரு லத்தீன் வரி. அதன் ஒவ்வொரு எழுத்தையும் டியூரர் இடவலம் மாற்றி வெட்டியிருக்க வேண்டும். பொறுமைசாலி மனிதர்தான்.

செம்போ மென்மையானது. உருளையில் போய் வரப் போய் வரப் பள்ளங்கள் மழுங்கும். கன்னத்து மெல்லிய கோடுகள்தான் முதலில் காணாமல் போகும். பல தடவை வெளுத்த துணி மாதிரி பிர்க்ஹைமர் வெளிறிப்போவார்.