ஸ்கிரீன்காஸ்ட்: திரைப்பதிவும் திரைப்பாடமும்

"சார், ஸ்கிரீன் ரெக்கார்டு பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லா இருக்கும்?" சேலத்தில் பாடக் காணொளி செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். நாலைந்து பெயர்கள் பதிலாக வரும். ஆனால் கேட்டவருக்கு வேண்டியது இரண்டு வேலைகள்: திரையில் நடப்பதைப் பிடிப்பது, பிடித்ததைப் பாடமாக ஆக்குவது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தால் கருவியைத் தேர்வதும் எளிதாகிவிடும்.

திரையில் நடப்பதைப் பதிந்து செய்யும் இந்தக் காணொளிக்கு ஆங்கிலத்தில் ஸ்கிரீன்காஸ்ட் என்று பெயர். திரையைப் பதியும் மென்பொருள் 1990களிலேயே இருந்தது. பெயர்தான் பிறகு வந்தது. தொழில்நுட்ப எழுத்தாளர் ஜான் உடெல் 2004இல் தம் வாசகர்களிடம் பெயர் கேட்டு, வந்தவற்றில் இதைத் தேர்ந்தெடுத்தார். பின்பாதியான காஸ்ட், பிராட்காஸ்ட் என்ற சொல்லிலிருந்து வந்தது. அது முதலில் வயல் சொல்: விதையைக் கைநிறைய அள்ளி வீசி விதைப்பது. வானொலி வந்தபோது அதற்குப் போனது. நாமும் ஒலிபரப்பு, ஒளிபரப்பு என்று 'பரப்பு' சேர்த்தே சொல்கிறோம்.

அதே வழியில் திரைப்பரப்பு என்று ஆக்கலாமா? கூடாது. அதைக் கேட்டால் திரையின் அகல நீளம்தான் நினைவுக்கு வரும். திரைப்பிடிப்பு என்பதும் ஸ்கிரீன்ஷாட்டுக்குப் போய்விட்டது. ஒளிப்பதிவு என்றால் கேமராவும் வெளிச்சமும் வேண்டும்; இங்கே இரண்டும் இல்லை. திரைப்பதிவுதான் பொருந்துகிறது.

திரை பழைய சொல். திரைகடலில் அது அலை, நரை திரையில் தோல் சுருக்கம், மேடையில் துணி, சினிமா வந்தபின் வெள்ளித்திரை, இப்போது கண்ணாடி. பதிவுக்கு வேர் 'பதி': அழுந்துதல், ஊன்றுதல். பத்திரப்பதிவும் அதிலிருந்துதான், ஏற்காட்டுத் தோட்டங்களில் போடும் பதியமும் அதிலிருந்துதான். ஆங்கிலம் வீசி விதைக்கிறது, தமிழ் ஊன்றுகிறது. பாடத்துக்கு ஊன்றுவதே எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் ஸ்கிரீன்காஸ்ட் என்ற சொல்லுக்குள் விளக்கும் குரலும் அடங்கும். அதனால் பதியும் வேலையைத் திரைப்பதிவு என்றும், குரல் சேர்ந்து முடிந்த காணொளியைத் திரைப்பாடம் என்றும் பிரித்துச் சொல்லலாம். இடையில் வரும் எடிட்டிங்குக்குச் சினிமாக்காரர்கள் கொடுத்த நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: படத்தொகுப்பு. பேச்சில் 'கட் பண்றது' என்கிறோம், ஆனால் வெட்டுவது அதில் பாதிதான். மிஞ்சியதைத் தொகுப்பதுதான் மீதி.

இனி கருவிகள். ஓபிஎஸ் ஸ்டுடியோ கட்டற்ற மென்பொருள், இலவசம், ஆனால் அது பதிவதற்கும் நேரலைக்கும் உள்ள கருவி, தொகுப்பதற்கு அல்ல. அதில் வெட்டும் பட்டனைத் தேடிச் சலித்துப்போகிறவர்கள் நிறைய. தொகுப்புக்கு ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம். டாவின்சி ரிசால்வ் வலுவானதுதான், பழைய மடிக்கணினி அதைத் தாங்காது. கேம்டாசியாவில் இரண்டு வேலையும் ஒரே இடத்தில் முடியும். காசு கொடுக்க வேண்டும். விண்டோசிலேயே உள்ள கேம் பார் ஒரு செயலியின் சாளரத்தைப் பதிவதற்கு உண்டானது. ஸ்லைடிலிருந்து பிரவுசருக்குத் தாவித் தாவிப் பாடம் நடத்துகிறவருக்கு அது உதவாது.

ஓபிஎஸ்ஸில் கோப்பு வடிவத்தை எம்கேவி என்று வையுங்கள். மழைக்காலத்தில் ஏற்காட்டில் திடீரென்று கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது பெரும்பாலும் தப்பிவிடும். அப்புறம் அதிலேயே ரீமக்ஸ் செய்து, அதாவது படத்தைத் தொடாமல் கோப்பு வடிவத்தை மட்டும் மாற்றி, எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் வீடு இருந்தால் தறிச் சத்தம் ஒரு தலைவலி. மைக்குக்கு ஓபிஎஸ்ஸில் இரைச்சல் குறைக்கும் ஃபில்டர் உண்டு, ஆனால் அதை நம்பி இருக்காமல் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவாருங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் தெளியாவிட்டால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். எனவே கையில் இருக்கும் பணத்தை மைக்குக்குச் செலவழியுங்கள், மென்பொருளுக்கு வேண்டாம்.

குரலைத் தனியாகவும் பதியலாம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்கள் அதற்கு நல்ல சான்று: முதலில் பேச வேண்டியதை எழுதிக்கொள்கிறார்கள், சுமார் பத்து நிமிடத்துக்குள் ஒரு பாடம், பிறகு அதே படத்துக்குத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல் கொடுக்கிறார்கள். வீட்டில் சத்தம் அடங்கிய பிறகு குரலைப் பதிந்து ஷாட்கட்டில் படத்தோடு சேர்த்தால் போதும்.

கணினியே இல்லையா? ஆண்ட்ராய்டு 11 முதல் திரைப்பதிவு வசதி போனிலேயே இருக்கிறது. தொடங்கும் முன் ஒலி அமைப்பில் மைக்கைத் தேர்ந்தெடுங்கள், வாட்ஸ்ஆப் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். பார்ப்பவர்களும் போனில்தான் பார்ப்பார்கள் என்பதால் ஸ்லைடு எழுத்தை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வையுங்கள்.