புங்க எண்ணெயை டீசலாக்கும் முன் அதன் அமிலத்தைப் பாருங்கள்

வேலூரில் எண்ணெய்ப் பரிசோதனை செய்து கொடுப்பது என் தொழில். குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்து விவசாயிகள் அடிக்கடி கேட்பது: "சார், புங்க எண்ணெயை அப்படியே டீசல் பம்புசெட்டில் ஊற்றினால் ஓடுமா?"

ஓடும். கொஞ்ச நாள் நன்றாகவே ஓடும். அப்புறம் நாசிலில் கரி கட்டும், ஃபில்டர் அடைக்கும், இன்ஜின் ஆயிலும் கெட்டிப்படும். புங்க எண்ணெய் டீசலைவிட ஏறக்குறைய பத்து மடங்கு பிசுபிசுப்பு. நாசிலால் அதை மெல்லிய தூவலாகப் பீய்ச்ச முடியாது. சரியாக எரியாதது கரியாகிறது.

அந்தப் பிசுபிசுப்பைப் போக்குவதுதான் பயோடீசல் தயாரிப்பு. 100 லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 20 லிட்டர் மெத்தனால், அதில் கரைத்த கொஞ்சம் காஸ்டிக் சோடா, 60 டிகிரி சூடு, ஒரு மணி நேரம் கலக்கல். கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும், மேலே நிற்பது பயோடீசல். யூடியூபில் பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் அந்த வீடியோக்களில் இருப்பது பெரும்பாலும் கடையில் வாங்கிய சுத்தமான எண்ணெய். நம் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் பொறுக்கிய புங்கங்கொட்டை அப்படி இருக்காது. கோடை மழையில் நனைந்து, ஈரத்தோடு மூட்டையில் கிடந்து, பூஞ்சை பிடித்தபின் செக்குக்குப் போயிருக்கும். அந்த எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும். காஸ்டிக் சோடாவைப் போட்டதும் அமிலம் அதைப் பிடித்துக்கொண்டு சோப்பாகும். கிளிசரின் பிரியாது, டிரம் முழுக்க ஆறிப்போன கேழ்வரகுக் கூழ் மாதிரி நிற்கும். எண்ணெய், மெத்தனால் இரண்டும் வீண்.

இதைத் தடுக்கும் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, அமிலம் தீர்ந்ததை நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீனை இரண்டு சொட்டு விடுகிறோம். லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் காஸ்டிக் சோடா கரைத்த திரவத்தைச் சொட்டுச்சொட்டாகச் சேர்க்கிறோம். இளஞ்சிவப்பு நிறம் மறையாமல் நிற்கும் இடம்தான் கணக்கு. எத்தனை மில்லி செலவாகிறதோ, லிட்டர் எண்ணெய்க்கு அத்தனை கிராம் காஸ்டிக் சோடா அமிலத்தை அடக்கவே போய்விடும். மூன்று மில்லிக்குள் நின்றால் நேராகத் தயாரிக்கலாம். அதைத் தாண்டினால் முதலில் மெத்தனாலோடு கந்தக அமிலம் சேர்த்து ஒரு சுற்று ஓட்டி அமிலத்தைக் குறைக்க வேண்டும். பத்தைத் தொட்டால், என்னைக் கேட்டால், அந்த எண்ணெயை விட்டுவிடுவதே லாபம்.

மெத்தனால் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். கள்ளச்சாராயத்தில் கண்ணையும் உயிரையும் பறிப்பது இதுதான். தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் வாங்கவோ வைக்கவோ கூடாது. 65 டிகிரியிலேயே கொதிக்கும், ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். அடியில் தங்கும் கிளிசரினிலும் மெத்தனால் கலந்திருக்கும் என்பதால் அதையோ கழுவின தண்ணீரையோ கால்வாயில் விடாதீர்கள். தோல் கழிவுக்கே பாலாறு பட்டது போதும்.

புங்கத்துக்குப் பதில் காட்டாமணக்கு எண்ணெயில் பயோடீசல் எடுக்கலாமா? 2009 உயிரி எரிபொருள் கொள்கை 2017க்குள் பெட்ரோல், டீசலில் 20 சதவீதம் உயிரி எரிபொருள் கலக்க வேண்டும் என்றது, நடக்கவில்லை. 2018 கொள்கை பயோடீசலுக்கு வைத்த இலக்கு 2030க்குள் டீசலில் 5 சதவீதம். காட்டாமணக்கு தரிசில் தண்ணீரில்லாமல் காய்த்துக் கொட்டும் என்று நம்பி நட்டார்கள், செடி பிழைத்தது, காய்ப்புதான் தேறவில்லை. அதன் கொட்டையைத் தின்ற பிள்ளைகள் வாந்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போவதும் உண்டு.

செக்கில் நான்கு கிலோ புங்கம்பருப்புக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கும். மீதிப் புண்ணாக்கு நல்ல உரம், மாட்டுக்கு வைக்காதீர்கள். இந்தக் கணக்கில் ஒற்றை விவசாயி தனியாக இறங்குவது கட்டாது. ஊர் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, ஒருவரைப் பழக்கினால் யோசிக்கலாம்.

சோதனைக்குக் கொண்டுவருகிறவர்கள் ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் அரை லிட்டர் எடுத்து வாருங்கள். கொட்டை பொறுக்கிய மாதத்தையும் ஆட்டிய தேதியையும் பாட்டில்மேல் எழுதி ஒட்டுங்கள்.