கமலாவும் கமலியும் ஒருவரல்லர்: தமிழ்ப் பெயர்களின் வேறுபாட்டை நிரலில் அளத்தல்

ஒரு மருத்துவமனையின் இரண்டு கிளைகளில் தனித்தனியே இருந்த நோயாளிப் பதிவேடுகளை ஒன்றாக்கும் பணி என்னிடம் வந்தது. ஒரே ஆளின் பெயர் ஓரிடத்தில் குமரன் என்றும் மற்றோரிடத்தில் குமாரன் என்றும் பதிவாகியிருந்ததால், பெயர்களின் வேறுபாட்டை எண்ணால் அளந்து, அது 2க்கு மிகாமல், பிறந்த நாளும் ஊரும் பொருந்தினால், இரண்டையும் ஒரே பதிவாக்கும் நிரலை பி.எச்.பி. மொழியில் எழுதினோம். சோதனைப் பட்டியலைப் பார்த்த செவிலியர், கமலாவும் கமலியும் ஒரே நோயாளியாகிவிட்டதையும், குமரன் மட்டும் இன்னும் இருவராக இருப்பதையும் சுட்டிக்காட்டினார். அவ்விரு பெண்களும் இரட்டைப் பிறவிகள்.

நாங்கள் பயன்படுத்திய அளவு, சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல், பிழை திருத்தும் குறிமுறைகளை ஆராய்ந்தபோது வரையறுத்தது. ஒரு சரத்தை, அதாவது எழுத்துகளின் தொடரை, இன்னொன்றாக்க, ஓர் அலகைச் சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது ஆகிய செயல்களைக் குறைந்தது எத்தனை முறை செய்ய வேண்டும் என்பதே அவற்றுக்கிடையிலான தூரம். அளவில் பிழையில்லை, அலகு எது என்று நாங்கள் கேட்காததுதான் பிழை. பி.எச்.பி.யின் லெவன்ஷ்டைன் செயற்கூறு, எழுத்துகளை அன்று, கணினிச் சேமிப்பின் சிற்றலகுகளான பைட்டுகளை எண்ணுகிறது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், குமரனுக்கு ஒரு துணைக்கால் கூடினாலே தூரம் 3 ஆகிவிடுகிறது. ஆனால் துணைக்காலும் இகரக் கொக்கியும், எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் யூனிகோட் அட்டவணையில் அடுத்தடுத்து இருப்பவை. அவற்றின் கடைசி பைட் மட்டுமே வேறு. எனவே கமலாவுக்கும் கமலிக்கும் தூரம் 1.

பைத்தான் என்னும் நிரல் மொழியில் சரத்தின் அலகு பைட் அன்று, யூனிகோட் குறி; ஆகவே அங்கே இவ்விரு இணைகளுக்கும் தூரம் 1 என்றே வரும். அதுவும் நாம் எண்ணும் எழுத்து ஆகாது. கண்ணன் என்பதில் ‘ண்’ விடுபட்டுக் கணன் ஆனால், எழுதியவர் விட்டது ஓர் எழுத்து. பைத்தானின் கணக்கில் மெய்யும் புள்ளியுமாக இரண்டு. சரத்தை முதலில் உயிர், மெய், உயிர்மெய் எனப் பிரித்துப் பட்டியலாக்கி, அந்தப் பட்டியல்களின் மீது தூரத்தைக் கணக்கிட வேண்டும். ஓப்பன்-தமிழ் என்னும் நிரல் நூலகம் இப்பிரிப்பைச் செய்து தருகிறது.

கண்ணுக்கே தெரியாத வேறுபாடு இதைவிடத் தொல்லையானது. ‘கொடி’ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று, பைத்தானில் தூரம் 2. ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. இயல்பாக்கத்தை முதலில் செய்தால் இது தீரும். ஆனால் கௌரி என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் இயல்பாக்கம் அதைத் தொடாது. கொம்பைத் தொடரும் ளகரத்தையெல்லாம் ஔகாரமாக்கிவிடலாம் என்று எண்ணுபவர்கள், வெள்ளி என்ற சொல் என்னவாகும் என்று ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ளகரத்தின் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வராத இடங்களை மட்டும் எடுத்து, அவற்றையும் கண்ணால் பார்த்தே நாங்கள் மாற்றினோம்.

இவ்வளவும் செய்த பிறகும் எழுத்தளவில் குமரனும் குமாரனும் 1, கமலாவும் கமலியும் 1. மு. குமரன், சு. குமரன் ஆகியோருக்கு இடையிலும் 1தான். ஆனால் அந்த ஓரெழுத்து இருவேறு தகப்பன்மாரைக் குறிக்கலாம். அதனால் ல, ள, ழ மயக்கத்துக்கும் ர, ற மயக்கத்துக்கும் குறில் நெடில் மாற்றத்துக்கும் அரைப் புள்ளி, பெயரின் இறுதி உயிர் மாறினால் 2 புள்ளி என்று எடை வைத்தோம். தலைப்பெழுத்தைப் பெயரோடு சேர்க்காமல் தனிப் புலமாக ஒப்பிட்டோம். தானாக இணைக்கும் வரியை நிரலிலிருந்து நீக்கிவிட்டோம். இப்போது அது ஐயத்துக்குரிய இணைகளைத் தூர வரிசையில் அடுக்கித் தருகிறது. ஒவ்வோர் இணையையும் பதிவேட்டுப் பணியாளர் நோயாளியிடமே கேட்டு உறுதிசெய்த பிறகுதான் இரண்டு பதிவுகள் ஒன்றாகின்றன.